கரவன் புரளவில்லை, மகள்

கிரெய்கிபர்ன்,
22 ஆகஸ்ட் 2004, ஞாயிறு.

அன்பு மகள் அஞ்சலீனாவுக்கு,

மாதாவின் தயவால் இங்கே நானும் உன் சின்னம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை பிடித்து, சுகமாக இருக்கிறோம். ப்ரோக்கன் ஹில்லின் அந்தச் செம்புழுதிக்குள் நீயும் மருமகனும், இன்னும் ஐந்து கிழமையில் முகம் காட்டப்போகிற எங்கள் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறோம். வியாழக்கிழமை நீ ரெலிபோனில் ஆங்கிலத்தில் ஏசிய ஏச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதியே போதுமாக இருந்தது. கடைசியில் தமிழுக்கு மாறி, சித்தப்பா அந்தக் கரவன் வீட்டு வண்டியைக் காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு நீங்கள் வெளிக்கிட்டால் இனி உங்களோடு கதைக்கவே மாட்டன், எனக்கு இருக்கிறது ஒரு சின்னம்மாதான் என்று சொல்லிப் படாரென்று வைத்துவிட்டாய். நான் திரும்ப எடுத்தேன், நீ தூக்கவில்லை. ஆறு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் கைக்கு வந்த பிள்ளை, உன்னுடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் ரெலிபோனில் என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேனை பிடித்திருக்கிறேன். முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் பெரிய விசயம். கரவன் புரளவில்லை. ஒரு சில்லுகூட ரோட்டை விட்டு எழும்பவில்லை. யோகா அன்ரி உனக்குச் சொன்ன கதையில் கரவன் மூன்று தரம் உருண்டது, ஹெலிகொப்டர் வந்தது எல்லாம் இருந்ததாம். யோகா பொய் சொல்கிற மனுசி இல்லை, அவளுக்குச் சொன்னது அவளுடைய புருசன் விக்னராஜா, விக்னராஜாவுக்குச் சொன்னது நான். அவன் தன்னுடைய புது வீட்டுக் குடிபூரலுக்கு எங்களைக் கூப்பிட்டு, சோறு போடுவதற்கு முதல் தன்னுடைய புது வாகனத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் அளந்தான். அவ்வளவு பேர் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எங்கள் குடும்பத்துக்கு என்ன மரியாதை சொல்லு. அதனால் பெண்டிகோ ரோட்டில் நடந்ததை எடுத்து விட்டேன், அதில் கரவன் ஒரு பக்கச் சில்லில் இருநூறு மீற்றர் ஓடியது என்று ஒரு சின்ன விசயத்தை மட்டும் கூட்டினேன். மிச்சம் எல்லாம் அவர்கள் போட்ட உப்பு. என்னுடைய வாய் ப்ரோக்கன் ஹில் வரைக்கும் நடந்து போய் உன்னை அழ வைக்கும் என்று நான் நினைக்கவில்லை பிள்ளை. நீ சுரங்கத்தில் இஞ்சினியர், எண்ணோடு வேலை செய்கிறவள், ஆகையால் இந்தக் கடிதத்தில் எண் வருகிற இடத்தில் ஒன்றையும் கூட்ட மாட்டேன். மற்ற இடங்களில் என்னுடைய சுபாவத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கரவன் எதற்கு, பேசாமல் ப்ளேனில் வாருங்களேன் என்று கேட்டாய். சின்னம்மாவின் முதுகில் வெட்டிய டொக்டர் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருக்கக்கூடாது, அதற்கிடையில் இருபது நிமிசம் நேராகப் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ப்ளேன் என்றால் அடிலேயிட்டில் இறங்கி மாறவேண்டும், அங்கே கதிரையில் காத்துக் கிடக்க வேண்டும். அவளோ எனக்குச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் வரத் திட்டம் போட்டுக்கொண்டு இருந்தாள். உன்னுடைய பிள்ளைப்பேற்றுக்குத் தன்னுடைய கையால் பத்தியச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்காவிட்டால் தான் என்ன தாய் என்று ஒரு கிழமை சாப்பிடாமல் இருந்தாள். அப்போதுதான் எனக்கு இந்த மூளை வந்தது. ஒரு கட்டில், ஒரு குட்டிக் குசினி, பன்னிரண்டு அடி நீளம், அவ்வளவுதான் கரவன். ஓடும்போது அவள் முன்னால் காரில், நிற்பாட்டினால் பின்னால் கட்டிலில். மெல்பேர்ன் முழுக்கத் தேடினாலும் இப்படி யோசித்த தமிழன் நான் ஒருவன்தான், இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, தேவராஜாவே சொன்னான்.

தேவராஜாவை உனக்குத் தெரியும், காம்ப்பெல்ஃபீல்டில் கராஜ் வைத்திருக்கிற வவுனியாப் பொடியன், இப்போது பொடியனுக்கே ஐம்பது வயது. எங்களுடைய பழைய வெள்ளைக் கார் கோயிலுக்கும் கடைக்கும் நல்லது, ஆனால் கரவனைக் கொளுவினால் மூச்சுத் திணறும் என்று அவன் சொன்னதும் நான் ஒரு கறுப்பு நிற நாலு சில்லு இழுவை வாகனத்தைப் பார்த்து வைத்தேன். அம்மாடி, என்ன வாகனம். விக்னராஜாவின் வாகனம் அதற்குப் பக்கத்தில் நின்றால் அதனுடைய பிள்ளை மாதிரி இருக்கும். ஏறுவதற்குப் படி, முன்னால் யானையைத் தடுக்கிற மாதிரிக் கம்பி. கை கொடுத்துப் பேசி முடிக்கிற நேரம் தேவராஜா வந்தான், ஞாயிற்றுக்கிழமைச் சேட்டோடேயே நிலத்தில் மல்லாந்து படுத்து வாகனத்துக்குக் கீழே போனான். வெளியே வந்து சேட்டில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு, பேர்னாட் அண்ணை, இது ஆளுக்குக் காட்டுற வாகனம், பாரம் இழுக்கிற வாகனமில்லை, பின்னுக்கு அடிச்சிருக்கிற தகட்டை வாசியுங்கோ என்றான். வாசித்தேன். இழுக்கக்கூடிய பாரம் ஆயிரம் கிலோ என்று இருந்தது. எங்களுடைய கரவன் வெறுமையாகவே ஆயிரத்து நாற்பது. அவ்வளவு உயரமான வாகனத்துக்கு அவ்வளவு சின்ன எண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு அக்காவைக் கொண்டு போகோணுமோ, இல்லாட்டி விக்னராஜாவை எரிச்சல்படுத்தோணுமோ என்று அந்த விற்கிறவனுக்கு முன்னாலேயே கேட்டான். இரண்டும்தான் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

கடைசியில் அவன் பார்த்துத் தந்தது ஒரு ஃபால்கன் ஸ்ரேஷன் வேகன் கார். நிறம் பேக்கரிப் பாண் மாதிரி. கூரையில் இரண்டு நெளிவு. முந்தி ஒரு நகரசபையில் ஓடினது, நான் இங்கே எல்லோருக்கும் அது மேயர் ஓடின கார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், விரிப்புக்குக் கீழே புல் விதை கிடக்கிறதைப் பார்த்தால் பூங்கா வேலைக்காரர் ஓடியிருப்பார்கள் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஆறு சிலிண்டர் மகள், தகட்டில் ஆயிரத்து அறுநூறு கிலோ. கார் நீளமாக இருக்கிறது, பின் சில்லுக்கும் கரவனைக் கொளுவுகிற இரும்புக் குண்டுக்கும் இடையில் தூரம் குறைவு, அதனால் கரவன் காரின் வாலைப் பிடித்து ஆட்டாது என்று தேவராஜா சொன்னான். கியர் எண்ணெய் சூடாகாமல் இருக்கத் தனியாக ஒரு குளிராக்கி பூட்டித் தந்தான். கரவனுடைய பிரேக்குக்கு ஒரு சின்னப் பெட்டியை ஸ்டியரிங்குக்கும் சின்னம்மாவின் இருக்கைக்கும் நடுவில் பூட்டினான், அதிலுள்ள பிடியைத் தள்ளினால் கார் பிரேக் பிடிக்காமல் கரவன் மட்டும் பிடிக்கும்.

இனிமேல்தான் நான் விட்ட பிழை. இதை விக்னராஜாவுக்கு நான் சொல்லவில்லை. கரவனை லொறி நிறுக்கிற மேடையில் ஏற்றி நிறுத்துச் சீட்டு வாங்கி வந்தேன், எல்லாம் சரி. அதற்குப் பிறகு சின்னம்மா உனக்குக் கொண்டு வருகிற சாமான்களை அடுக்கத் தொடங்கினாள். நாலு மூட்டை அரிசி, சரக்குக்கு மல்லி, மிளகு, வேர்க்கொம்புச் சுக்கு, போத்தல் போத்தலாக நல்லெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே அம்மி. மிக்ஸியில் அடித்தால் சரக்கு சூடேறிக் குணம் போய்விடும், பிள்ளை பெற்ற உடம்புக்கு அம்மியில் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடி. நாற்பத்திரண்டு கிலோ கல்லு. நான் மன்னாரில் டிராக்டர் பெட்டியில் மடு மாதா கோயில் திருநாளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கினவன், எனக்கு ஒருவரும் பாரம் ஏற்றப் படிப்பிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். முன்பக்கம் பாரம் குறைந்தால் காருக்குச் சுகம், பின்பக்கம் வைத்தால் இறக்கச் சுகம் என்று அம்மி, அரிசி, எண்ணெய் எல்லாவற்றையும் கரவனின் கடைசிச் சுவரோடு சேர்த்து அடுக்கினேன். அடுக்கி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், அவ்வளவு வடிவாக இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து ஒத்திகைக்குப் பெண்டிகோப் பக்கம் வெளிக்கிட்டோம். கைன்ரனுக்குக் கிட்ட ஒரு இறக்கம், நான் தொண்ணூறில் போகிறேன், பக்கத்தால் ஒரு நீள லொறி கடந்து போனது. அந்தக் காற்று பட்டதும் கரவன் இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் வாலை ஆட்டியது. நான் பிரேக்கை மிதித்தேன், அது இன்னும் பலமாக ஆட்டியது. அம்மி உள்ளே சுவரில் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சின்னம்மா மாதாவே என்றாள். நான் காலை எடுத்துவிட்டேன், எப்படி எடுத்தேன் என்று தெரியாது, ஓரத்தில் நிற்பாட்டினேன். இருபது லொறி நின்றது என்று எழுத ஆசைதான், ஒரு லொறிதான் நின்றது. அந்த ஓட்டுநர் ஒரு வயதுபோன வெள்ளைக்காரர், கரவன் கதவைத் திறந்து பார்த்து, பின் சுவரோடு இருந்த அம்மியைப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தன் கையாலேயே அரிசி மூட்டைகளை முன்னுக்கு இழுத்து விட்டார். சின்னம்மா காரை விட்டு இறங்கி, இஞ்சருங்கோ, இனி நான் இதிலை ஏற மாட்டன், பிள்ளையிட்டைப் போறதுக்கு எனக்கு உயிர் வேணும் என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெண்டிகோவுக்குப் போகவில்லை. இடது ஓரமாக அறுபதில் ஊர்ந்து வீட்டுக்கு வந்தோம், வழி முழுக்கப் பின்னால் ஹோர்ன்.

அடுத்த நாள் தேவராஜா ஒரு பாத்ரூம் தராசும் ஒரு மரக்கட்டையும் கொண்டு வந்தான். கரவனின் மூக்கை, அதுதான் காரில் கொளுவுகிற முனையை, தராசில் இருத்தினான். நான் அடுக்கினபடி அடுக்கிப் பார்த்தால் இருபத்தைந்து கிலோ. அண்ணை, காரை அமத்திப் பிடிக்க ஒண்டுமில்லை, பின்னுக்கு நிற்கிற அம்மிதான் காரை ஓடியிருக்கு என்றான். பிறகு அம்மியைச் சில்லு அச்சுக்கு நேர் மேலே நிலத்தில் வைத்து, அசையாமல் பட்டி போட்டு இறுக்கி, அரிசியை அதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்தோம். தராசு நூற்றிருபத்திரண்டு காட்டியது. முழுப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டுமாம். எண்ணெய்ப் போத்தலில் பாதியை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அது பாரம் குறைக்கவா சமைக்கவா தெரியாது. திரும்ப மேடைக்குப் போனேன், சாமானோடு ஆயிரத்து இருநூற்று எண்பது கிலோ. கரவனுக்கு அனுமதி ஆயிரத்து நானூறு.

ஆனால் சின்னம்மா ஏற வேண்டுமே. மூன்று நாள் நான் கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம். நாலாம் நாள், அந்த வியாழன், நீ ரெலிபோனை வைத்த பிறகு, அவள் தானாக வந்து அந்தப் பிரேக் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தேவராஜாவிடம் கேட்கச் சொன்னாள். அவன் வந்து காட்டினான், கரவன் ஆடினால் அண்ணை காலை மட்டும் எடுப்பார், அக்கா நீங்கள் இந்தப் பிடியை மெல்லத் தள்ளுங்கோ, கரவன் பின்னுக்கு இழுபட்டு நேராகும் என்றான். நேற்று திரும்பப் போனோம். எண்பதுக்கு மேல் நான் போகவில்லை. அதே இறக்கம், இரண்டு லொறி கடந்தன, கரவன் பூனை மாதிரிப் பின்னால் வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை, வெறும் ரோட்டில் பிடியை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தாள், இரண்டு தரமும் கரவன் அவள் சொன்னபடி கேட்டது. நாற்பது வருசமாக நான் கேட்காததை அது கேட்டது என்று சொன்னாள். ஒவ்வொரு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் நிற்பாட்டினேன், கட்டிலில் படுத்தாள், இரண்டாம் தரம் குறட்டை விட்டாள். பெண்டிகோவில் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, போவம் என்று ஒரு சொல் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அந்தக் கறுப்பு வாகனம் எனக்குத் தூசு. அவளைப் போல மனுசி மெல்பேர்னிலும் இல்லை, சிட்னியிலும் இல்லை, இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

நிறுத்த சீட்டு இரண்டையும், தகட்டில் இருந்ததைத் தேவராஜா எழுதிக் கையெழுத்து வைத்த துண்டையும் இதோடு அனுப்புகிறேன். மலைக்குள் எந்தக் கல்லு எந்தக் கல்லைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்புகிற என் மகள், இதையும் பார்த்துச் சொல்லு. ஒரு எண் பிழை என்றாலும் நாங்கள் வரமாட்டோம், அம்மியை மட்டும் பார்சலில் போடுவேன். சரி என்றால் செப்டெம்பர் பதின்மூன்றாம் திகதி வெளிக்கிட்டு, மூன்று நாளாகப் பிரித்து, மில்டுரா வழியாக வருவோம், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஓட மாட்டேன். மருமகனிடம் உன்னைப் பாரம் தூக்க விடவேண்டாம் என்று சொல்லு, கால் வீங்கினால் உயர்த்தி வை, இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே என்று சின்னம்மா எழுதச் சொன்னாள். மாதா உன்னையும் பிள்ளையையும் தன்னுடைய போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றுவா. மறக்காமல் இன்னொன்று, இது தேவராஜாவுக்கும் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். கரவனோடு ரிவேர்ஸ் எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை, பத்துத் தரம் முயன்றேன், பத்துத் தரமும் மதிலுக்குத்தான் போனது. ஆகையால் உன்னுடைய வீட்டுப் பின் ஒழுங்கை வாசலையும் திறந்து வைக்கச் சொல்லு, முன்னால் நேராக உள்ளே வந்து, திரும்பும்போது பின்னால் நேராக வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கொண்டு ஊரெல்லாம் பெருமை அடிக்கிற சித்தப்பா,
பேர்னாட்

(சின்னம்மா மேரிறோஸ் பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டாள். பத்துத் தரம் இல்லை, பதினேழு என்கிறாள்.)