குளவியின் சோலி

மைனி,

இன்று காலை பெயிண்டர் ஏணியில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டான். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடம் சொன்னால்தான் ஆறும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுக்களை ஜன்னல் சட்டத்தில் ஒரு மண்கூடு. நம் சேரன்மகாதேவி வீட்டில் இருந்ததைப் போலவே உருண்டையாக, ஈரம் காயாமல். "அக்கா, குளவி கூடு கெட்டிருக்கு. ஒடச்சிரவா, இருக்கட்டுமா? வீட்டுல பிள்ள பெறக்கும்னுல்லா சொல்லுவாவ" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எனக்குப் பின்னால் என் மகள் காபித் தம்ளரோடு நின்றிருந்தாள். கல்யாணமாகி ஐந்து வருடம். "விசேஷம் உண்டா?" என்று அவளிடம் கேட்காத வாய் எங்கள் தெருவில் இல்லை. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் கூட்டை உடைத்த அன்று என் வயிற்றில் இருந்தவள்தான் அவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி அது. எட்டாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா காலமாகியிருந்தார். அண்ணனுக்கு நாங்குநேரியில் வேலை, உங்களை அம்மாவோடு விட்டுவிட்டுச் சனிக்கிழமைதான் வருவான். அம்மா, நீங்கள், நான் என்று மூன்று பொம்பளைகள் மட்டும் இருந்த வீடு. புறவாசல் தோட்டம் முழுக்க உங்கள் கைவேலை. கத்தரிக்கும் பிச்சிக்கொடிக்கும் நீங்கள் தண்ணீர் விட்டு நிமிர்ந்ததும், அந்த ஈரமண்ணை உருட்டிக்கொண்டு போக ஒரு குளவி வரும். நான் படுத்திருந்த அறை ஜன்னலில்தான் கட்டியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

குளவி என்றாலே அம்மாவுக்கு ஒரு பாடம் உண்டு. "கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாவும்" என்பாள். பிடித்து வந்த புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவி தன்னைப் போல ஆக்கிவிடுமாம். ஆண்டவன் மனுசனைச் சோதித்து ஆளாக்குவதற்கு அதை உதாரணம் சொல்வாள். உங்களை ஏசுவதற்கும் அதே உதாரணம்தான். நீங்கள் "சரி அத்தை" என்பீர்கள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை அம்மா நேராகச் சொல்லமாட்டாள். "அது கெட்டுத எடத்துலதான் கெட்டும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். கேட்ட எனக்கே சுருக்கென்று இருக்கும்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்தபோது சேலையில் ரத்தம். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சூட்டுக்குப் படும்ட்டி. கூடு முழுசா இருக்கு, ஒண்ணும் ஆவாது. பைய படு. மழை விடட்டும், நாளைக்குப் பாப்போம்."

அம்மாவுக்கும் பயம்தான். பயத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள், கிடைத்தது கூடு. நேரம் போகப் போக வலி இடுப்பைச் சுற்றி இறுக்கியது. "அத்தை, காரு கூப்பிடுவோம்" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். கடைசியில் அம்மா கத்தினாள்: "நீ சும்மா இரிட்டி. பெத்தவளுக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமாக்கும்?"

நீங்கள் மழையில் இறங்கித் தோட்டத்துக்குப் போனீர்கள். களைக்கொத்தியோடு ஜன்னலுக்கு வெளியே உங்கள் முகம் தெரிந்தது. ஒரே தட்டு.

"ஏ பாவி! எம்மவ வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

உடைந்த கூட்டை உள்ளங்கையில் ஏந்தி வந்து அம்மா முன்னால் நீட்டினீர்கள். எனக்கும் தெரிந்தது. சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் சுருண்டு கிடந்த பச்சைப் புழுக்கள். அவற்றில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது வெள்ளையாக ஒரு குளவிக் குஞ்சு.

"நல்லாப் பாருங்க அத்தை. புழு குளவி ஆவல. புழு புழுவாத்தான் கெடக்கு. எங்க ரூம்லயும் மூணு தடவ கெட்டிச்சு. தெருவே வந்து விசேஷத்துக்குச் சீனி எங்கன்னு கேட்டுச்சு. எதுலயாவது எம்பிள்ள இருந்துச்சா?" உள்ளங்கையை அம்மா முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனீர்கள். "சாமி சேதி சொல்லணும்னா குளவியத்தான் அனுப்புவாராக்கும்? நமக்குக் கையும் காலும் எதுக்குக் குடுத்தாரு? இந்தா, கூடு போச்சு. இனி எத நம்பி இவளப் படுக்க வச்சிருக்கிய?"

நீங்கள் நனைந்துகொண்டே தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினீர்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் போனோம். அம்மா முன்சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் கையைப் பிடித்திருந்த உங்கள் கையில் கூட்டு மண் ஒட்டியிருந்தது. வலிக்கு நடுவிலும் எனக்கு அது ஓடிற்று: பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கைதான் என்று ஊரே சொல்லும், அண்ணன்கூட உங்கள் பக்கம் நிற்கமாட்டான். உங்களுக்கும் அது தெரிந்திருந்தது. பிடியை நீங்கள் தளர்த்தவில்லை.

இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரையும் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. பிள்ளை கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள், ஆனால் பிழைத்தாள். அம்மா உங்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைக்குத் தடுமல் பிடித்தாலும் "கூட்டை ஒடச்ச கை" என்பாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள், பிள்ளைக்கு இளவெயில் காட்ட நீங்கள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அதே ஜன்னல், அதே இடம். ஒரு குளவி புதுமண் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, ஒடச்சதுக்கு என்னயத் தேடி வந்து கொட்டல. நல்ல சேதியும் கொண்டாரல, கெட்ட சேதியும் கொண்டாரல. அதுக்கு மண்ணு வேணும், புழு வேணும், பிள்ளைக்கு ஒரு வீடு வேணும். அதும்பாட்டுக்கு அது சோலியப் பாக்கு."

"நம்ம சோலி என்ன மைனி?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

நீங்கள் விளையாட்டாக எடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தில் விழுந்த வெயிலைக் கையால் மறைத்தீர்கள். "அன்னைக்கு ஒடைக்கது எஞ்சோலி. இன்னைக்கு ஒடைக்காம இருக்கது எஞ்சோலி. நாளைக்கு உள்ளது நாளைக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன் மைனி. பிறந்த பயன் என்ன, வாழும் நோக்கம் என்ன என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்கு மிஞ்சியது உங்கள் பேச்சுதான்.

காலையில் பெயிண்டர் பதிலுக்குக் காத்து நின்றான். கூட்டை இடித்துத் தள்ளினால் மகள் மனதில் ஒன்று ஓடும், விட்டுவைத்தால் இன்னொன்று ஓடும். என்ன சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று இருந்தது. "கூட்ட விட்டுட்டுச் சுத்திவரப் பெயிண்ட் அடிச்சிரு. குஞ்சு பறந்தபெறகு அந்த எடத்தப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

அவன் போனபின் மகள் வந்து நின்றாள். அழுதிருந்தாள். "எனக்காகத்தான விடச் சொன்ன?"

"இல்லட்டி. அதுக்காக விடச் சொன்னேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலருகே போய், கட்டிக்கொண்டிருந்த குளவியைச் சும்மா ஒரு குளவியாகப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன காபியைக் குடித்தாள்.