உப்பு கழுவிய மண்

ஜனவரி 11

இரண்டு நாளாக மழை. எங்கள் ஊர் அபூ அல்-கஸீபில் எல்லோரும் தெருச் சேற்றைத் திட்டுகிறார்கள். எனக்கு மட்டும் கொண்டாட்டம். பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றி வரப்பு கட்டி, தண்ணீரை அப்படியே நிறுத்திவிட்டேன். மண்ணில் ஏறிய உப்பு கரைந்து கீழே இறங்கி வாய்க்காலில் வடிய வேண்டும். இது மூன்றாவது குளிர்காலம். என் கணவர் நயீம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஊரிலேயே மண்ணைக் குளிப்பாட்டுகிற ஒரே பொம்பளை நீதான் என்றார். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 26

எருமைக்காரர் வண்டி நிறையச் சாணம் கொண்டுவந்து கொட்டினார். பேரீச்ச மட்டையைப் பொடியாக நறுக்கி அதோடு கலந்து கொத்திவிட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.

அந்த நேரம் பார்த்து நயீமின் தம்பி ஷாக்கிர் வந்தான். மகன் மைதமுக்குப் பெண் பார்த்துவிட்டார்களாம், தனியாக ஒரு வீடு கட்ட வேண்டுமாம், பின்னால் இருக்கும் இடம் சும்மாதானே கிடக்கிறது என்றான். சும்மா! சாணம் நாறும் கையோடு அவனுக்குத் தேநீர் கொடுத்தேன். குடித்தான்.

அவன் போன பிறகு நயீம் சொன்னார்: "இந்த வெயில் காலத்தைத் தாண்டிச் செடி நின்னா, அந்த இடம் உன்னோடது. நிக்கலேன்னா தம்பி மகன் கட்டிக்கட்டும். நமக்கென்ன ஆம்பளப் பிள்ளையா இருக்கு?"

அப்படியென்றால் எங்கள் மகள் இப்திஸாம் யாருக்குப் பிறந்தவள்? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 3

மண்ணுக்குத் தழையுரமாக விதைத்த குதிரைமசால் முளைத்துவிட்டது.

ஏப்ரல் 19

குதிரைமசாலை அறுத்து மண்ணுக்குள்ளேயே மடக்கிப் புதைத்தேன். கிளறும்போது ஒரு மண்புழு. ஒன்றே ஒன்று. நான் வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டு மண்ணில் புழுவைப் பார்த்ததில்லை. நயீமைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். அப்படியே உள்ளே போய்விட்டார்.

மே 30

முதல் வெண்டைக்காய். ஆட்டுக்கறி போட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்றார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா?

ஜூன் 14

இப்திஸாமின் பிரசவத்துக்காக நாளை அவள் இருக்கும் கூத் நகருக்குப் போகிறேன். சாயங்காலம் லாரியில் வாங்கி நிரப்பிய நல்ல தண்ணீர்த் தொட்டியைத் தோட்டத்துக்குத் திறந்துவிட்டால் போதும் என்று நயீமிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 2

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்து இறங்கினேன். தோட்டம் போச்சு. வெண்டை, கத்தரி எல்லாம் நின்ற இடத்திலேயே கருகிக் கிடக்கின்றன. மண்மேல் வெள்ளைப் பொருக்கு. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். கரித்தது.

ஷாக்கிர் வந்து பார்த்து உச்சுக்கொட்டினான். வெயில் என்ன வெயில், அண்ணி, என்றான்.

ஆகஸ்ட் 3

வெயில் இல்லை.

சமையலறையில் குடிநீர் ஃபில்டர் இருக்கிறது. அதன் கழிவுக் குழாய் சாக்கடைக்குப் போகும். இப்போது அதில் புதிதாக ஒரு ரப்பர் குழாய் மாட்டி, தோட்டத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறது. ஃபில்டர் கழித்துத் தள்ளிய உப்பெல்லாம் இத்தனை நாளும் என் மண்ணுக்குள்.

யார் மாட்டியது என்று கேட்டேன்.

"நான்தான். தண்ணிய வீணாக்குறது பாவமில்லியா?"

"அது உப்புத் தண்ணின்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றார். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன வருஷம் இதே கழிவுத் தண்ணீர் வாசலில் இருக்கும் அவருடைய நார்த்தை மரத்தடியில் விழுந்துகொண்டிருந்தது. இலை கருகுகிறது என்று குழாய்க்காரரைத் திட்டி, சாக்கடைக்குத் திருப்ப வைத்தது யார்? இவர்தானே. தெரியாதாம். என் முகத்தைப் பார்த்து எப்படிய்யா வாய் வருது?

இன்னொரு குளிர்காலம் கொடுங்கள், மறுபடி கழுவிவிடுகிறேன் என்றேன் — கெஞ்சினேன், அதை ஏன் மறைக்க வேண்டும். பேச்சு பேச்சுதான் என்றார்.

செப்டம்பர் 20

கடைக்கால் தோண்டுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 8

மைதமின் மனைவி பனீன் நல்ல பெண். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரொட்டி சுட்டால் முதலில் எனக்குத்தான் கொண்டுவருகிறாள். இன்று கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். அம்மா வீட்டிலிருந்து வந்த கீரை விதையாம். "சுவரோரம் கொஞ்சம் எடம் மிச்சமிருக்கே அத்தை, அங்க போட்டா வருமா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் போகவில்லை. ஒரு சாண் தோண்டினால் இன்னும் கறுப்பு மண்தான். எதைப் போட்டாலும் வரும்.

"உப்பு மண்ணும்மா. ஒண்ணும் வராது" என்றேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த நயீம் தலையைத் தூக்கிப் பார்த்தார். வேண்டுமானால் மாமாவைக் கேளு என்றேன் அவளிடம்.  அவர், ஆமாம்மா, வராது என்றார். வரும் என்றால் குழாய்க் கதையையும் அல்லவா சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசியது இன்றைக்குத்தான்.

பனீன் பொட்டலத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?