நாற்பத்தொரு பேர்

ஜனவரி 18, 1992
ராஜபாளையத்திலேயே கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் யாரென்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எட்டாம் வகுப்பை முழுசாக முடிக்காத தனுஷ்கோடி, இன்று பேண்டேஜ் கம்பெனியின் ஏசி ரூமில்! முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரணும். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, “கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது” என்று முழங்கினேன். கைதட்டல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வரை கேட்டிருக்கும்.

பிப்ரவரி 2
ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்பு. மாஜிதா டீச்சருக்கு என் மகள் வயது. > என்ற குறி, இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கத்தைவிடப் பெரிசா என்று கேட்கும். < சின்னதா என்று கேட்கும். இரண்டு கேள்விக்கு நடுவில் ஆண்ட் போட்டால் இரண்டுக்குமே ஆமாம் வரணும். ஆர் போட்டால் ஒன்றுக்கு வந்தாலே போதும்.
“புரிஞ்சுதா அண்ணாச்சி?”
“கனவுலயே போட்டுப் பாத்துட்டேம்மா.”

பிப்ரவரி 11
நூல் விலை ஏறிவிட்டது. ஆள் குறைப்பு. முதலாளி சொன்னார்: “வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் ஆகாம இருக்கணும், பத்து நாளுக்கு மேல லீவும் போட்டிருக்கணும். ரெண்டும் உள்ளவிய பேரு மட்டும் எடும்.”
ஆண்ட் போட்டேன். மூன்று பேர் வந்தது. இத்தனை பெரிய மிஷினுக்கு மூன்று பேர்தானா? சிரிக்க மாட்டார்களா? அழித்துவிட்டு ஆர் போட்டேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது — நாற்பத்தொரு பேர்! காகிதம் மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியது. படித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய் நீட்டினேன்.
“இம்புட்டுப் பேராவே?”
“மிஷினு சொல்லுது முதலாளி.”
தோளில் தட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரி 14
நாற்பத்தொரு பேரையும் நிறுத்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் பதினேழாவது பேர் பிச்சையம்மாள். என் கூடப்பிறந்த தங்கச்சி.
பதினாலு வருஷமாக இங்கே பேண்டேஜுக்கான காஸ் துணி சுருட்டுகிறவள். புருஷன் ஆபரேஷனுக்காகப் பதினொரு நாள் லீவு போட்டாள். ஆர் — ஒன்றுக்கு ஆமாம் வந்தாலே போதும். போச்சு. என்ன காரியம்டா பண்ணித் தொலைச்சே!

பிப்ரவரி 15
முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சிரிக்கிறார்!
“மைக்கு பிடிச்சு என்ன சொன்னீரு? தங்கச்சி பேரு வந்ததும் மிஷினு தப்பாயிருச்சாக்கும்?”
“மிஷினு தப்பில்ல முதலாளி, நான்—”
“நீரு விடாத கதையா? போய் வேலையப் பாரும்.”
ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஜோடனை இல்லாமல் ஒன்று சொன்னேன்.

பிப்ரவரி 16
கம்பெனியில் முதலில் போட்டதையும் அழித்துவிட்டுப் போட்டதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். வகுப்பில் மாஜிதா டீச்சர் அதைப் பார்த்தது. “மொதல்ல சரியாத்தான போட்டிருக்கீய அண்ணாச்சி? ஏன் அழிச்சீய?”


பிப்ரவரி 23
வகுப்புக்குப் போகவில்லை. பிச்சையம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9
தளவாய்புரத்தில் நைட்டி தைக்க ஆள் எடுக்கிறார்களாம். சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டுப் பிச்சையம்மாள் வந்தாள். கம்ப்யூட்டரில் நானே அடித்துக் கொடுத்தேன்.
“எம்புட்டு வருஷம்னு போட்டிருக்கு அண்ணே?”
“பதினாலு.”
“அப்ப அதுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா என்னையத் தூக்குச்சு?”
“அது இல்ல தாயி. நான்தான்.”
மூன்று பேர் வந்தது, நான் நாற்பத்தொன்று ஆக்கியது, எல்லாம் சொன்னேன். அவள் மட்டும்தான் நம்பினாள்.
காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். தளவாய்புரம் பஸ் வந்தது. எப்பவும் “வாரேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறுவாள்.
ஏறிவிட்டாள்.