மாலை மாலையைக் கூப்பிட்ட வாரம்

திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: என் பூக்கடையின் இணையப் பக்கத்துக்கு வந்த ஆர்டரில் பாதி நான் போட்டது. கமலா, சூசன், மிஸஸ் பிள்ளை, எல்லாம் நானே. வீட்டுக்காரரின் தங்கை செல்வி ஆசையாகச் செய்து தந்த பக்கம். ஆள் வரவில்லை என்றால் வாடிவிடுவாள்.

இன்று ஒரு மாறுதலுக்கு டெலிவரி நேரம் ‘மாலை’ என்று தொட்டேன். ‘நன்றி, மீண்டும் வருக’ ஒரு வரி வர வேண்டும். வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரல் வலிக்கத் தள்ளியும் முடியவில்லை. ஆர்டர் மட்டும் பதிவாகவில்லை.

செல்விக்குப் போன். “உங்க கடையிலயே எதுக்கு அண்ணி ஆர்டர் போட்டீங்க?”

“கை பட்டுடுச்சு.”

செவ்வாய்

வாங்க: நார், ஊசி, இருமல் மருந்து.

செல்வி புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து கணினியோடு தேக்காவில் என் கடைக்கே வந்துவிட்டாள். ஆபீஸில் ஆள் குறைத்தபோது இவளையும் அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் கோடிங் படித்தாள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ, காட்ட இந்தப் பக்கம் ஒன்றுதான்.

வினோதம்: ‘காலை’ தொட்டால் ஒழுங்கு. ‘மாலை’ தொட்டால் கூத்து. என் போனில் சில ஆயிரம் நன்றியோடு நின்றது, அவள் கணினியில் இன்னும் அதிகம் போய் நின்றது.

“என் போனுக்கு மட்டும் ஏன் மரியாதை கம்மி?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“இது சரியாகலன்னா நான் போகல அண்ணி. சிரிப்பாங்க.”

புதன்

வெயில். மதியம் சாப்பிடாமல் முணுமுணுக்கிறாள்: “மாலை போய் மாலையைக் கூப்பிடுது...”

“எந்த மாலை எந்த மாலையை? சாயங்காலமா, கழுத்துல போடறதா?”

அப்படியே பார்த்தாள். “அண்ணி!”

கோடிங்கில் சாயங்கால டெலிவரி, பூமாலை என்று இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறாள். சாயங்கால மாலை, பூமாலையைக் கூப்பிடுவதாக நினைத்துத் தன்னையே கூப்பிட்டிருக்கிறது. ஒரு நன்றி, மறுபடி தானே, ஒரு நன்றி.

“சாயங்காலம்னு வைக்க வேண்டியதுதானே?”

“ஸ்கூல்ல மாலைன்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க!”

நான் நாலாவதோடு நின்றவள். தப்பித்தேன்.

“அப்ப ஏன் நின்னுச்சு?”

“ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும், திரும்பி வந்து முடிக்கணும்னு ஒரு தட்டை அடுக்கி வைக்கும். ரொம்ப உசந்துட்டா நிறுத்திடும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு உயரம் லா.”

என்ன மூளை! என் மண்டையில் ஏறுகிற மாதிரி சொல்லத் தெரிந்தவளுக்கு வேலை தராமல் இருப்பார்களா?

ஒரு பெயரை மாற்றினாள். தொட்டேன். ஒரே ஒரு நன்றி. அவ்வளவு அழகு.

வியாழன்

மேகம். செல்வி நாளைக்குச் சட்டை இஸ்திரி போடப் போய்விட்டாள். இணையப் பக்கத்தில் எழுத்தை மாற்ற எனக்கும் பழக்கியிருக்கிறாள். வாங்க வருபவர்களும் குழம்பக்கூடாதே. ‘மாலை’ இருந்த இடமெல்லாம் ‘சாயங்காலம்’ ஆக்கினேன். ஒரே அழுத்து. அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளி

தூறல். மூன்று மணிக்கு செல்வி போன். தட்டுக் கதையை அப்படியே சொன்னாளாம், வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள். கேள்வி கேட்ட அம்மா தமிழராம், அங்கேயே ஆர்டர் போட்டுவிட்டார். பெரிய ரோஜாச் சாயங்காலம் ஒன்று, மல்லிகைச் சாயங்காலம் இரண்டு. டெலிவரி பொங்கோலுக்கு. கட்டிக்கொண்டிருக்கிறேன்.