ஈஸ்டரிலும் முடியாத ஒருசந்தி

ஏப்ரல் 2, 1972. ஈஸ்டர் ஞாயிறு.

காலைப் பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறிக் குழம்பை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். வாசனை பட்டதுமே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இது நோன்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயிற்றுப் புற்றுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு தவக்காலம் முழுக்க அவர் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. தவக்கால நோன்புக்காக ஒருசந்தி இருக்கிறார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பங்குச் சாமியார்கூட மெச்சினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று நேராகவே கேட்டார்.

"வலி பரவால்லீங்க. காலையில கண்ணு முழிக்கவே புடிக்கலீங்க," என்றார் இவர். பேத்தி வந்து கட்டிலில் ஏறியபோதும் அவர் முகம் மலரவில்லை.

வாசலுக்கு வந்ததும் நான் சண்டைக்கே போய்விட்டேன். "சாவப் போறவருக்கு வருத்தம் இருக்காதுங்களா?"

"வருத்தப்படறவரு பேத்தியப் பார்த்தா சிரிப்பாரும்மா. இவரு சிரிச்சாரா? இது மனசுக்கு வர்ற தனி வியாதி. இதுக்கு மாத்திரை இருக்குது. நீங்களும் பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்க. தெளிய ரெண்டு மூணு வாரம் ஆவும்."

அத்தனை நாள் அவருக்கு இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும், அணைக்காத," என்றார்.

இத்தனை நாளில் அவராக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். எழுத இனி ஒன்றுமில்லை. விளக்கு எரியட்டும்.