பேரை மாற்ற வேண்டாம்

நாரின்,
மார்ச் 4

அன்பு மகள் பெர்மெத்துக்கு உன் மாமனார் எழுதுகிறேன். நீயும் ஏசனும் அல்மாட்டியில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி விடவில்லை. பசு போட்ட கன்று தங்கவில்லை.

உன் அத்தையின் நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. குற்றம் சொல்லவில்லை. பார்க்கும்படியான முகமா இது?

எட்டு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நடித்த உனக்கு அந்த டிவி தொடரில்தான் முதன்முதலாக நாயகி வேஷம் கிடைத்தது. கதையில் உன் புருஷன் பேரும் தெமிர், என் பேர். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்பதை நீ மறந்தவளா? தெமிர் என்றால் இரும்பு என்பதால் அந்தச் சொல்லையே விட்டவள். கடையில் போய், "அந்தக் கடின வாளி ஒண்ணு குடுங்க" என்பாய். கடைக்காரன் சிரிப்பான்.

பேரை மாற்றச் சொல்லி இயக்குநரிடம் நீ கெஞ்சியதை ஏசன் பிறகுதான் சொன்னான். டிவியில் நீ "தெமிர், போகாதே" என்று கதறியபோது பக்கத்து வீட்டு ஜோல்தோஷ், "உங்க மருமக உங்களத்தான் கூப்பிடுறா, போங்கண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஏசனிடம், "அவ இனிமே நடிச்சா நீ எனக்கு மகன் இல்ல" என்றேன். அடுத்த வாரமே கதையில் உன்னைச் சாகடித்தார்கள். இப்போது திரைச்சீலை தைக்கிறாய். அந்தப் பாவம் என்னுடையது.

அத்தை நாற்பத்தாறு வருஷமும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டாள், கடைசி நாளிலும். என் அண்ணன்மார் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஊருக்கு நான் தாத்தா, ஆஸ்பத்திரிக்கு ஒரு நம்பர். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, மகளே. கோடை வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர்.

நேற்று அந்த இயக்குநர் போன் செய்தார். புதுத் தொடருக்கு உன்னைத்தான் தேடுகிறார். உன் நம்பர் மாறிவிட்டதாம். "இந்தத் தடவ புருஷன் பேர மாத்திடறோம் ஐயா" என்றார். வேண்டாம், தெமிர் என்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

போய் நடி. உன் வழி திறந்திருக்கட்டும். ஆனால் தொடர் இலையுதிர் காலத்தில்தான் வருமாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை போனில் என் பேரைச் சொல்லிவிடு. வேறெதுவும் பேச வேண்டாம். நான் "என்னம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தெமிர்