கோழி தின்ற ராஜாக்கழுகு

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். குயாபா நகரத்திலிருந்து வந்து நம் விடுதியில் தங்கியிருப்பவர்கள் விடியுமுன்பே கூட்டைப் பார்க்கும் மரக்கோபுரத்தில் ஏறிவிட்டார்கள். தாய்க்கழுகு மகளுக்கு ஊட்டுவதை இன்றைக்கே படம் எடுக்க வேண்டுமாம்.

தாய் வந்தாள், காலில் அரைக் குரங்கோடு. மகள் கூட்டில் நின்று கத்தினாள். பறக்கக் கற்று அரை வருடத்துக்கு மேலாகிறது. உடம்பும் அம்மா அளவுக்கு வந்துவிட்டது. தாய் எதிர்க்கிளையில் உட்கார்ந்து, மகள் பார்க்கப் பார்க்க நிதானமாகத் தின்றாள். மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விருந்தாளிகளில் ஒருத்தி அழுதுகொண்டே இறங்கினாள். "இவளும் ஒரு தாயா?" என்று என்னிடம் கேட்டாள். நான் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்பது போல.

மே 19

கழுகு ஆராய்ச்சிக்கு வரும் லூசியேனி போன வருடமே சொல்லியிருந்தாள். "அம்மாவும் அப்பாவும் விரட்டவெல்லாம் மாட்டாங்கக்கா. கொண்டுவர்றதக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பாங்க. பசி வந்தா தானா வேட்டைக்குப் போகும்."

என் வீட்டுக்காரர் ஜெனேசியோவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மகள் கழுகுக்கு இளவரசி என்று பெயர் வைத்தவர் அவர். கூடு இருக்கும் கஸ்தான்யா மரத்துக்குப் பக்கத்தில் கோபுரம் கட்டியதும் அவர். இளவரசி கிளம்பிவிட்டால் நம் அறைகளில் வந்து தங்கப்போவது யார்? சோயா வியாபாரியா?

ஜூன் 2

கோழிகள் குறைகின்றன. நரி என்கிறார் ஜெனேசியோ. கூண்டைத் திறந்து, கோழியை எடுத்து, திரும்பத் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் போகிற நரி. நல்ல குடும்பத்துப் பிள்ளை போலிருக்கிறது.

ஜூன் 8

நரியைப் பிடித்துவிட்டேன். கோபுர உச்சியில் நின்று, இறகு பிடுங்கிய கோழியைக் கூட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"பாவம், பசியில கத்துதுல்ல, இவோனெட்சி."

"நம்ம பொண்ணு காய்ச்சல்ல கத்துனப்போ நீ திரும்பிக்கூடப் படுக்கலையே."

"அது வேற."

வேறுதான். மகளைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வரவில்லை.

மதியம் வந்த ஜோடி இளவரசியைப் பார்த்துப் பூரித்துப்போனது. நான் பீன்ஸும் மரவள்ளி மாவும் பரிமாறினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? மேசை நிறைந்திருந்தது, அதனால்தான்.

ஜூன் 27

லூசியேனி வந்து மரத்தடியில் எலும்பு பொறுக்கினாள். கோழி எலும்பு. ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டாள். "இது புதுசுக்கா. காடு சுருங்கிப்போனதால பெரிய கழுகுங்க பண்ணைக்கோழியில கை வைக்குதுபோல." இறகு ஒன்றுகூட இல்லையே என்று அவளே யோசித்து, வேறு மரத்தில் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவரலாம் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"தாய்ப்பாசம்," என்றார் ஜெனேசியோ. முகம் கல்லு மாதிரி.

ஜூலை 5

கோழிகளைப் பத்திரமாக அடைத்து வைக்கச் சொல்லி லூசியேனி அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல எண்ணம்தான். பக்கத்துப் பண்ணை ஒஸ்மார் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"உன் கோழி ஏதாவது போயிருக்கா ஒஸ்மார்?"

"போனப்புறமாக்கா சுடுவாங்க?"

வீட்டில் வந்து சொன்னேன். ஜெனேசியோ ரேடியோவைத் திருகிக்கொண்டே, "அவனுக்குக் குறி பார்க்கத் தெரியாது," என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வெடிச்சத்தம். இளவரசியின் அப்பன் ஆண்கழுகு ஆற்றுக்கு மேலே தடுமாறி, சமாளித்து, அக்கரைக்குப் போய்விட்டது. ஒஸ்மாருக்குக் குறி தெரியாதது உண்மைதான். ஆனால் எவ்வளவு பக்கத்தில்... ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டோம். அதுபாட்டுக்கு இருந்துச்சு. அது ஒரு கோழியையாவது தொட்டுச்சா?

பூசை முடிந்து எல்லாரும் மாதாகோயில் வாசலில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். "கோழி தூக்குனது கழுகு இல்ல. என் புருஷன். எனக்கும் தெரியும்."

ஊரே சிரித்தது. ஒஸ்மார் மட்டும் சிரிக்கவில்லை. ஜெனேசியோ எனக்கு முன்னால் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

லூசியேனியைக் கூப்பிட்டுச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. எத்தனை கோழி, எந்தெந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "இனிமே ஒண்ணும் போடாதீங்கக்கா. கத்தட்டும்," என்றாள்.

ஜூலை 15

கத்துகிறாள்.

ஜூலை 16

கத்துகிறாள். ஜெனேசியோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ரேடியோ கேட்கிறார்.

ஜூலை 24

தாய் வந்தாள். முள்ளம்பன்றி ஒன்றைக் கூட்டில் போட்டுவிட்டு, மகள் தின்று முடிக்கும்வரை பக்கத்துக் கிளையிலேயே இருந்தாள். படம் எடுக்க ஆளில்லை. கோழிக் கதை எங்கெல்லாம் போயிருக்கிறதோ, அறைகள் காலி. கோபுரத்தில் நான் மட்டும்.

அந்தக் குயாபாக்காரி இதைப் பார்த்திருக்க வேண்டும். மறுபடியும் அழுதிருப்பாள்.

ஆகஸ்ட் 30

ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. கூடு காலி. ஜெனேசியோ புதர் புதராக விலக்கிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. நானும் அதையேதான் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

செப்டம்பர் 21

தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒஸ்மார் வந்தான்.

"அக்கா, உங்க இளவரசி எங்க காட்டுலதான் இருக்கு. நேத்து என் கண்ணு முன்னாலயே ஒரு குரங்கத் தூக்குச்சு. கிட்டத்துல பெரிய கழுகு எதுவும் இல்ல. தனியாத்தான்."

ஜெனேசியோ அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எந்தப் பக்கமிருந்து பாய்ந்தது, குரங்கு பெரிதா, தூக்கிக்கொண்டு நேராகப் பறந்ததா என்று. கேட்டுவிட்டு முகத்தைக் கழுவப் போனார்.

ஒஸ்மார் கிளம்பவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா. கோபுரத்துக்குக் கால் எவ்வளவு ஆழத்துல நட்டாரு?"

அக்டோபர் 19

இந்த மாதம் முழுக்க ஜெனேசியோவுக்கு ஒஸ்மார் பண்ணையில் கோபுர வேலை. இன்று மரத்தூளோடு திரும்பினார்.

"மேலேர்ந்து இளவரசி நல்லாத் தெரியுதா?" என்றேன்.

"நம்மதவிட நல்லா," என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஒஸ்மார் பெண்டாட்டி வந்தாள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு முதல் விருந்தாளிகள் வருகிறார்களாம். நல்ல படுக்கை விரிப்பு இருந்தால் தர முடியுமா என்று கேட்டாள். நம் வீட்டில் சும்மாதானே கிடக்கின்றன. வெயிலில் போட்டு, மடித்து, கொடுத்தனுப்பினேன்.